வாக்குச்சீட்டுக்கு முன்னால் வாசற்கதவு

2024 ஆகஸ்ட் 4ஆம் திகதி, வட இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் ஒரு கும்பல் கார்களை மறித்து, உள்ளே இருப்பவர் வெள்ளையரா, ஆங்கிலேயரா என்று கேட்டது. தோலைப் பார்த்து வந்த கேள்வி அது. "அவர்களுக்குக் கோபம் முஸ்லிம்கள்மேல்தான், எங்களுக்கு என்ன?" என்று இன்னமும் சொல்லும் இங்குள்ள எம் தமிழர் இதை மறக்கக்கூடாது.

அன்றைய கலவரத்தை மூட்டியது ஒரு பொய். சவுத்போர்ட்டில் 3 சிறுமிகளைக் கொன்றவன் படகில் வந்த அகதி என்று கதை பரவியது. அவன் பிறந்தது கார்டிஃப்பில். ஆனால் ஒரு பொய் ஒரே இரவில் ஊரைக் கொளுத்திவிடாது. அதற்கு முன்பே பல வருஷ ஆத்திரம் அங்கே காய்ந்து கிடந்திருக்கும். எங்கள் வேலை அங்கேதான்.

கிழக்கு லண்டனின் பார்க்கிங், டாகன்ஹம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்ட் தொழிற்சாலையில் கார் பொருத்தும் வேலை 2002இல் நின்றது. கவுன்சில் வீடுகள் விற்கப்பட்டுக் குறைந்துபோயின. பிள்ளைகளுக்கு வீடு கிடைக்காத பெற்றோரிடம், ஆப்பிரிக்கர்கள் அங்கே வீடு வாங்கப் பணம் கொடுக்கப்படுகிறது என்று பிஎன்பி (பிரிட்டிஷ் தேசியக் கட்சி) என்ற தீவிர வலதுசாரிக் கட்சி துண்டுப்பிரசுரம் கொடுத்தது. அப்பட்டமான பொய். ஆனால் வீடில்லாத கவலை உண்மை. 2006இல் அந்தக் கட்சிக்கு 12 கவுன்சிலர்கள் கிடைத்தார்கள். 2010இல் அந்த 12 இடங்களையும் அது இழந்தது. 51 இடங்களும் தொழிற்கட்சிக்குப் போயின. பொதுத்தேர்தலும் அதே நாளில் நடந்ததால் கூடுதலானோர் வாக்களித்தது ஒரு காரணம். ஆனால் அதற்கு முந்திய நாலு வருஷமும் நாடாளுமன்ற உறுப்பினர் மார்கரெட் ஹொட்ஜ் மக்களைத் தேநீருக்கு அழைத்து, குப்பை, வீடு, பாதை என்று அவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். தொண்டர்கள் தெருத்தெருவாகக் கதவு தட்டினார்கள்.

இதை நீங்களும் செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் நின்று, "ஹோட்டல் முழுக்க அகதிகள், என் மகளுக்கு வீடில்லை" என்றால் உடனே புள்ளிவிவரம் எடுக்காதீர்கள், இனவாதி என்றும் சொல்லிவிடாதீர்கள். "மகள் எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறா? கவுன்சிலரிடம் போனீர்களா?" என்று கேளுங்கள். முடிந்தால் கவுன்சிலர் மக்களைச் சந்திக்கும் நாளில் கூடவே போங்கள். உங்கள் தெருவில் வீடு தேடுகிற தமிழ்க் குடும்பமும் அதே வரிசையில்தான் நிற்கிறது என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் அங்கே தானே காண்பார். ஒரு தடவையில் மனம் மாறாது. அடுத்த முறை கண்டாலும் நின்று பேசுங்கள்.

வெறுப்பை ஒழுங்கமைப்பவனோடு இப்படிப் பேசிப் பயனில்லை. அவனுக்குத் தேவை பார்வையாளர் கூட்டம், அதை நீங்கள் சேர்த்துக் கொடுக்காதீர்கள். தேர்தல் துண்டுப்பிரசுரம் வந்தால் கிழிக்காமல் படமெடுத்து வையுங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருக்கவேண்டும். இல்லையென்றால் அதுவே குற்றம். தெருவில் ஏசினால், கடைக் கண்ணாடியில் கிறுக்கினால், கழுவுவதற்கு முன் படமெடுத்து, திகதியும் நேரமும் எழுதிவைத்து 101க்கு அழையுங்கள். ஆபத்து என்றால் 999. "இது இனவெறுப்புக் குற்றம்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவர் அப்படி உணர்ந்தாலே பொலிஸ் அவ்வாறு பதியவேண்டும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். "சின்ன விஷயம், விடு" என்று விட்டதெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது. கணக்கில் வராத தெருவுக்குப் பொலிஸ் ரோந்தும் வராது.

எம்மவர் வாட்ஸப் குழுக்களிலும் இதே நஞ்சு சுற்றுகிறது, பெரும்பாலும் முஸ்லிம்களைப் பற்றி. அனுப்பியவர் பெரியப்பாவாக இருந்தாலும், "இது எங்கிருந்து வந்தது, பெரியப்பா?" என்று மரியாதையோடு கேளுங்கள். தனியாகக் கேட்டால் இன்னும் நல்லது, குழுவில் கேட்டால் அவருக்கு முகம் கெடும்.

வாக்கு விஷயம் எம்மில் பலருக்குத் தெரியாது. பிரிட்டிஷ் பிரஜை ஆகாவிட்டாலும், இலங்கை அல்லது இந்தியப் பிரஜையாக, 18 வயது நிரம்பி, விசாவோடு இங்கே வசித்தால் உங்களுக்கு வாக்குண்டு. மாணவர் விசாவும் போதும். வாக்காளர் பதிவுக்குத் தேர்தலுக்கு 12 வேலைநாள் முன்வரை காலமிருக்கிறது. வாக்குச்சாவடியில் படமுள்ள அடையாள அட்டை கேட்பார்கள். உங்கள் ஊர்க் கடவுச்சீட்டையே காட்டலாம். கோயில் அன்னதானத்திலோ தமிழ்ப் பள்ளி வாசலிலோ ஒரு மேசை போட்டு, வருகிறவர்களின் கைபேசியிலேயே பதிவு செய்துகொடுங்கள். ஒருவருக்குச் சில நிமிடங்கள்தான் எடுக்கும்.