அளவறிந்து செய்யும் கல்வி

தாவூத் நபி (அலை) அவர்கள் இரும்பினால் போர்க்கவசம் செய்தார்கள். அதன் வளையங்களைச் சரியான அளவில் அமைக்குமாறு அல்லாஹ் கட்டளையிட்டதை அல்குர்ஆனின் ஸபா அத்தியாயத்தில் ஓதுகிறோம். கைத்தொழிலுக்கு அளவறிவு வேண்டும் என்பதை, இறம்பொடைக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தொழிற்சாலையொன்றுக்கு வகுப்புச் சுற்றுலா சென்றபோது நான் கண்ணால் கண்டேன்.

வாட்டுதல், உருட்டுதல், நொதிக்க வைத்தல், உலர்த்துதல், தரம் பிரித்தல் என்று அங்கே வேலை படிப்படியாக நடக்கிறது. பச்சைக் கொழுந்தின் நிறையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். உலர்த்திய பின் சுமார் 3 சதவீதமே மிஞ்ச வேண்டும். கூடினால் தேயிலை பழுதாகும். அளவுக்கு மீறிச் சூடேறினால் கருகல் வாடை வரும். வகுப்பில் நாம் சலித்துக்கொள்ளும் சதவீதக் கணக்குத்தான் இது.

தரம் பிரிக்கும் இடத்தில் ஒரு புதிய இயந்திரம் நின்றது. விழும் துகள்களின் நிறத்தைக் கமரா பார்க்கிறது. காம்பையும் நாரையும் காற்று ஊதித் தள்ளுகிறது. முன்பு அவற்றைக் கையால் பொறுக்கிய அக்கா ஒருவர் அருகில் நின்றார்.

"இது பழுதானால் யார் திருத்துவார்?" என்று கேட்டேன்.

"கொழும்பிலிருந்து ஆள் வரணும், மகள்" என்றார்.

அந்த ஆள் ஏன் நம் மலையகத்துப் பெண்ணாக இருக்கக்கூடாது?

அதற்கு வழி இருக்கிறது. க.பொ.த. உயர்தரத்தில் 2013இல் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கியது. உயர்தரம் செல்லாதோருக்குத் தேசிய தொழில் தகைமை (என்.வி.கியூ.) உண்டு. அதில் 7 மட்டங்கள்: 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். மின்னியல், பொருத்துநர் வேலை போன்றவற்றை இம்முறையில் பயிலலாம். அட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. வேலையிலேயே பழகியவர்களும் திறமையைச் செய்து காட்டிச் சான்றிதழ் பெறலாம். அந்த அக்காவுக்கும் கதவு மூடப்படவில்லை.

தோழியரே, சாதாரண தரப் பெறுபேறு குறைந்தால் படிப்பு முடிந்தது என்று வீட்டில் முடங்காதீர்கள். பயிற்சியில் சேருமுன் அது எந்த மட்டத்துச் சான்றிதழைத் தரும், பதிவு பெற்ற நிலையமா என்று கேளுங்கள்.

பெற்றோரே, போக்குவரத்து, தங்குமிடம், பாதுகாப்பு பற்றிய உங்கள் கவலை நியாயமானது. மறுப்பதற்கு முன் ஒருமுறை மகளுடன் அந்த நிலையத்துக்குச் சென்று, வகுப்பறையையும் விடுதியையும் பார்த்து, ஆசிரியர்களிடம் பேசுங்கள். முடிவைப் பிறகு எடுக்கலாம்.