சொட்டுக் குழாய் அடைத்துக்கொண்டால்

புனே கேம்பில் பல வீடுகளுக்கு மொட்டை மாடியும் பால்கனியும்தான் தோட்டம். தகர டப்பாவில் கறிவேப்பிலை. மண் தொட்டியில் துளசி. மே மாதம் ஊருக்குப் போகிறோம். செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? சொட்டு நீர்க் குழாய் இருந்தால், பக்கத்து வீட்டு அக்கா வந்து குழாயைத் திறந்து மூடினால் போதும். ஆனால் வழியில் அடைப்பு இருந்தால், நாம் திரும்பி வரும்போது செடி விறகாகி நிற்கும். எனவே ஊருக்குப் போகும் முன் பாருங்கள்.

தண்ணீர் முதலில் வடிகட்டிக்குள் போகிறது. பிறகு கறுப்புக் குழாயில் ஓடுகிறது. கடைசியில் சொட்டுவான் வழியாகச் சொட்டுகிறது. 1965-ல் இஸ்ரேல் நாட்டில் சிம்கா பிளாஸ் என்ற பொறியாளர் ஒரு கூட்டுப் பண்ணையோடு சேர்ந்து இதைப் பெரிய அளவில் செய்யத் தொடங்கினார். சின்னத் துளை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதனால் அவர் சொட்டுவானுக்குள் நீண்ட, வளைந்த வழி வைத்தார். ஆகவே ஊசியால் குத்தாதீர்கள். வழி கெட்டுவிடும்.

எங்கே கோளாறு? எல்லாச் சொட்டுவானிலும் தண்ணீர் குறைந்தால், வடிகட்டியைப் பாருங்கள். கடைசித் தொட்டிகளில் மட்டும் குறைந்தால், நடுவில் குழாய் ஒழுகலாம். அணில், எலி கடித்திருக்கும். ஒன்றில் மட்டும் வரவில்லையா? அந்தச் சொட்டுவான்தான் அடைத்திருக்கிறது.

சில சொட்டுவான்களில் 2 அல்லது 4 என்று எழுதியிருக்கும். மணிக்கு அத்தனை லிட்டர் என்று பொருள். 2 என்றால், 200 மில்லி டம்ளர் 6 நிமிடத்தில் நிறையும். தொட்டி தாழ்வாக இருந்தால் இன்னும் நேரமாகும். அதனால் பக்கத்துச் சொட்டுவானோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வடிகட்டியின் சல்லடையைக் கழற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவுங்கள். குழாயின் கடைசி மூடியைத் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள். போர் தண்ணீரில் வெள்ளை உப்பு படியும். அப்படிப் படிந்த சொட்டுவானை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். வினிகரோடு பிளீச்சிங் பவுடரைக் கலக்கவே கூடாது. விஷ வாயு வரும்.

கடித்த இடத்தை வெட்டி எறியுங்கள். குழாயின் முனையைச் சுடுதண்ணீரில் முக்கினால் இளகும். பிறகு இணைப்பானைச் செருகுங்கள். விலை குறைவு என்று கண்ணாடி போன்ற குழாயை வாங்க வேண்டாம். வெயில் உள்ளே போய்ப் பாசி பிடிக்கும். கறுப்புக் குழாயே நல்லது.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருக்கிறீர்களா? அதில் தேங்கும் நல்ல நீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். ஊருக்குப் போகும்போது தட்டை எடுத்துவிடுங்கள்.

எழுதிப் பழகுங்கள்:
வடிகட்டி கழுவிய தேதி: .........
டம்ளர் நிறைந்த நேரம்: ......... நிமிடம்
இந்தத் தாளைக் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள்.