செல்பேசித் தொழில்நுட்ப மாற்றமும் மலைப்பகுதிச் செலவும்

பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த பரம்பிக்குளத்திற்குச் சாலை வழியே செல்ல வேண்டுமாயின், தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே செல்ல இயலும். இடுக்கி மாவட்டத்து இடமலைக்குடி, 2010இல் அமைக்கப்பட்ட பழங்குடி ஊராட்சி. அதன் குடியிருப்புகள் காட்டினுள் சிதறிக் கிடக்கின்றன. இத்தகைய எல்லைப் பகுதிகளில் செல்பேசிக் கோபுரம் ஒன்றை நிறுவுவதே கடினம். நிறுவிய பின் தொழில்நுட்பம் மாறினால் மீண்டும் செலவு. அதை யார் ஏற்பது என்பதே இங்கு எழும் பொருளாதார வினா ஆகும்.

இந்தியாவில் செல்பேசிச் சேவை 1995இல் ஜி.எஸ்.எம். முறையில் தொடங்கியது, கேரளத்திற்கு 1996இல் வந்தது. 1999ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கைக்குப் பின்னர், எத்தொழில்நுட்பத்தைக் கையாள்வது என்பது பெரிதும் நிறுவனங்களின் விருப்பத்திற்கு விடப்பட்டது. ஒரு சில ஆண்டுகளில் சி.டி.எம்.ஏ. முறை குறைந்த கட்டணத்துடன் போட்டிக்கு வந்தது. போட்டியால் கட்டணம் குறைந்தது உண்மை. எனினும், ஜி.எஸ்.எம். முறையில் சிம் அட்டையை வேறு கருவிக்கு மாற்றிக்கொள்ளலாம். தொடக்கக் கால சி.டி.எம்.ஏ. கருவிகளிலோ எண் கருவியுடனேயே பிணைக்கப்பட்டிருந்தது. நிறுவனத்தை மாற்ற விரும்பியவர் கருவியையும் மாற்ற வேண்டியதாயிற்று. பின்னர் அம்முறையே நாட்டில் வழக்கொழிந்தபோது, அக்கருவிகள் பயனற்றுப் போயின.

அகன்ற அலைவரிசைச் சேவையிலும் இதுவே நிகழ்ந்தது. பொதுத்துறை நிறுவனமான பி.எஸ்.என்.எல். கேரளக் கிராமங்களில் வைமாக்ஸ் முறையைக் கையாண்டது. உலகச் சந்தையோ எல்.டி.இ. பக்கம் சாய்ந்தது. தோற்ற தரத்திற்குக் கருவி செய்வோர் குறைந்துவிடுவதால், பழுதுபார்ப்புச் செலவும் ஏறும் என்பது எளிதில் விளங்கும்.

கோபுரத்தை மேம்படுத்துவது என்பது அதிலுள்ள மின்னணுக் கருவியை மாற்றுவதோடு முடிவதில்லை. பேச்சை மட்டும் சுமந்த நுண்ணலை இணைப்பு, இணையத் தரவின் அளவைத் தாங்காது. ஒளியிழை வடம் வேண்டும். காட்டுவழியே வடம் பதிக்க வனத்துறையின் இசைவும் வேண்டும். மின்தடைக் காலங்களுக்கென மின்கலங்களும் டீசலும் மலையேற வேண்டும். 2,100 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசைகள் 900 மெகாஹெர்ட்ஸை விடக் குறைந்த தொலைவே எட்டுவதால், அவற்றைக் கொண்டு அதே பரப்பை நிறைவு செய்யக் கூடுதல் கோபுரங்கள் தேவைப்படும். நகரில் இச்செலவு ஆயிரக்கணக்கான சந்தாதாரர்களிடையே பகிரப்படுகிறது. மலைக்குடியிருப்பில் சில நூறு பேரிடையே. உரிமங்கள் வட்டவாரியாக வழங்கப்பட்டமையால், அலை எல்லை தாண்டிப் பரவினாலும் வருவாய் தாண்டுவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பவே 2002இல் உலகளாவிய சேவைக் கடமை நிதியம் ஏற்படுத்தப்பட்டது. நிறுவனங்களின் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 சதவீதம் இதற்கெனப் பெறப்பட்டது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் இது டிஜிட்டல் பாரத் நிதி எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய்த் திட்டமொன்றுக்கு ஒப்புதல் அளித்தது. சேவையற்ற 24,680 கிராமங்களோடு, இரண்டாம், மூன்றாம் தலைமுறைச் சேவை மட்டுமே இருந்த 6,279 கிராமங்களையும் நான்காம் தலைமுறைக்கு உயர்த்துவது இதன் நோக்கம். புதிய கோபுரத்திற்கு மட்டுமன்றி, பழையதை மாற்றுவதற்கும் பொதுநிதி தேவை என்பது இதனால் ஏற்கப்பட்டது எனலாம்.

ஆனால் இந்நிதி கோபுரத்தோடு நின்றுவிடுகிறது. நான்காம் தலைமுறைச் சேவையை மட்டுமே வழங்கும் வலையமைப்பில், பழைய பொத்தான் கருவியால் பேசவும் இயலாது. 2017இல் ஒரு தனியார் நிறுவனம் 1,500 ரூபாய் முன்வைப்புத் தொகைக்கு எளிய 4ஜி கருவியை அளிக்க முன்வந்தது இக்காரணம் பற்றியே. தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு அத்தொகையே பல நாள் கூலி.