ஐந்தாம் சீலமும் அயர்லாந்து விஸ்கியும்

திருவனந்தபுரம் மாவட்டத்துக் கல்லாற்றிலிருந்து, பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற தமிழ் உபாசகர் ஒருவர் நமது பாட வகுப்புக்கு ஒரு வினா விடுத்திருக்கிறார். இரண்டாண்டுகளுக்கு முன் வைசாகப் பௌர்ணமியன்று அவர் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றார். அதுமுதல் பிவரேஜஸ் கடை வரிசையில் அவர் நின்றதில்லை. எனினும் வளைகுடா நாட்டில் பணிபுரியும் மகன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அயர்லாந்து விஸ்கி ஒரு புட்டி கொண்டுவருகிறார். ஞாயிறு மாலையில் அதிலிருந்து ஒரு கோப்பை மட்டும், மணமும் சுவையும் அறிந்து, மெல்ல மெல்லப் பருகுகிறார் அன்பர். "இது குடியை விட்டதாகுமா, விடாததாகுமா? சுவைப்பதே குற்றமா? அன்பர்கள் கூடிச் சீலம் ஓதுகையில் நான்கு சீலங்களை உரக்கச் சொல்கிறேன். ஐந்தாவது வரும்போது வாய்மூடி நிற்கிறேன். அப்படி நிற்பது சரிதானா?" என்பது அவர் வினா.

மூன்றாவது கேள்வியே நம்மை மிகவும் வருத்தியது. ஒருவர் சபையில் நின்றுகொண்டு வாய்மூடும் நிலை எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் முறைப்படி முதலில் சீலத்தின் சொற்பொருளை ஆராய்வோம்.

பாலி மொழியில் ஐந்தாம் சீலம் சுரா, மேரயம், மஜ்ஜம் என மூன்றைக் கூறுகிறது. மாவு, சோறு முதலியவற்றைப் புளிக்கவைத்து ஆக்குவது சுரா. பூ, கனி, தேன், வெல்லம் இவற்றால் ஆவது மேரயம். மயக்கந்தருவன எல்லாம் மஜ்ஜம். வாற்கோதுமையிலிருந்து வடிக்கும் விஸ்கி பகவர் காலத்தில் இல்லையே என்று வாதிப்போருக்கு மூன்றாவது சொல் விடையாகும். இவற்றைத் தொடர்ந்து வரும் 'பமாதட்டானம்' என்பது கருத்தின்மைக்கு இடமாவது எனப் பொருள்படும். தள்ளாடும் அளவு குடித்தால்தான் குற்றம் என்று இச்சொல்லைக் காட்டிச் சிலர் பொருள் கொள்கின்றனர். நாம் அதனை ஒப்பவில்லை. கருத்தின்மை நேர்ந்த பிறகு விலகுவதற்கு அங்கே விலகுவோன் யார்?

விநய பிடகத்தில் சாகத தேரர் வரலாறு காண்க. தீயுமிழும் நாகம் ஒன்றைத் தம் இருத்தி வலிமையால் அடக்கியவர் அவர். அப்புகழ் கேட்ட கோசாம்பி நகர உபாசகர்கள், பிக்குகளுக்கு அரிதாகவும் விருப்பமாகவும் உள்ள பொருள் யாதென வினவினர். குறும்புக்காரப் பிக்குகள் அறுவர், 'காபோதிகா' என்னும் தெளிந்த மதுவே அது என்றனர். வீடுதோறும் அதனை அளித்தார்கள். தேரரும் வீடுதோறும் பருகினார். நகர வாயிலில் விழுந்துகிடந்தார். நாகத்தை வென்ற இவர் இப்போது ஒரு தண்ணீர்ப் பாம்பையேனும் வெல்வாரோ என்று பகவர் கேட்டார். சாகதரை வீழ்த்தியது கீழான கள்ளன்று. அன்பர்கள் மரியாதையுடன் நல்கிய அரிய, தெளிந்த பானம் என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். மகன் அன்போடு கொணரும் புட்டியும் அத்தகையதே.

இனி, சுவையைப் பற்றி. தம்மம் சுவையை மறுப்பதில்லை. அஸ்ஸாதம், ஆதீனவம், நிஸ்ஸரணம் என மூன்றைப் பகவர் பல இடங்களில் போதித்தார்: சுவை, அதன் கேடு, அதினின்று வெளியேறல். உலகில் சுவை என ஒன்று இல்லையாயின் உயிர்கள் பற்றுக் கொள்ளமாட்டா என்பது அவர் கருத்து. ஆகவே அன்பர் தம் விஸ்கியைக் கசப்பென்று பொய் சொல்ல வேண்டுவதில்லை. அயர்லாந்து நாட்டில் அது பெரும்பாலும் மும்முறை வடிக்கப்பட்டு, சட்டப்படி மூன்றாண்டுக்குக் குறையாமல் மரப்பீப்பாயில் முதிர்கிறது. அதன் பெயரே அந்நாட்டு மொழியில் 'உயிர்நீர்' எனப் பொருள்படும் சொற்றொடரிலிருந்து வந்தது. சுவை உண்மை.

கேடும் அவ்வாறே உண்மை. இங்கே சிறிது கணக்குப் பார்ப்போம். அயர்லாந்து விஸ்கி நூற்றுக்கு 40 பங்கேனும் சாராயச் சத்து உடையது. நம் நாட்டுக் கடை விஸ்கியில் அது 42.8 பங்கு. 30 மில்லி லிட்டர் அளந்தால் முன்னதில் சுமார் 9½ கிராமும் பின்னதில் சுமார் 10 கிராமும் சாராயச் சத்து உள்ளே போகிறது. விலையும் மணமும் பலமடங்கு வேறுபட, ஈரல் அறியும் வேற்றுமை அரை கிராம்! சாராயச் சத்தைப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதல் வரிசையில் 1988-இல் சேர்த்தார்கள். உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவு என ஒன்று குடியில் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. சிகாலோவாத சுத்தம் கூறும் ஆறு கேடுகளில் நோயும் ஒன்று. பொருளிழப்பு, சச்சரவு, இகழ்ச்சி, நாணின்மை, அறிவு மங்கல் என்பன ஏனையவை.

சட்டம் இதில் எவ்வளவு துணை செய்யும்? திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியிற் பிறந்த ஸ்ரீ நாராயண குரு, மதுவை ஆக்கவும் கொடுக்கவும் குடிக்கவும் வேண்டாமென்றார். கேரள அரசு 1996 ஏப்ரலில் சாராயத்தைத் தடைசெய்தது. 2000 அக்டோபரில் கொல்லம் மாவட்டத்துக் கல்லுவாதுக்கலில் கள்ளச் சாராயம் 31 உயிர்களைக் கொண்டது. 2014-இல் மூடப்பட்ட மது விடுதிகளிற் பல 2017-இல் மீண்டும் திறந்தன. சட்டம் கடையைத் திறக்கும், அடைக்கும். வீட்டு அலமாரி அதன் ஆட்சிக்கு வெளியே இருக்கிறது.

சபதம் துணை செய்யுமா? அந்த விஸ்கியின் தாய்நாட்டையே நோக்குவோம். கார்க் நகரத்துத் தியோபால்ட் மாத்யூ என்னும் கத்தோலிக்கப் பாதிரியார் 1838-இல் முழுமையான மதுவிலக்கு இயக்கம் தொடங்கினார். சில ஆண்டுகளில் பல இலட்சம் பேர் அவர்முன் சபதம் ஏற்க, நாட்டில் விஸ்கிச் செலவு ஏறத்தாழப் பாதியாயிற்று. பின் 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் அவ்வியக்கம் சிதைந்தது. பஞ்சம் மட்டுமே காரணமென நாம் எண்ணவில்லை. திரளில் நின்று ஒருமுறை ஏற்ற சபதத்தைத் தனிமையில் நாடோறும் புதுப்பிக்கும் பயிற்சி பலருக்கு வாய்க்கவில்லை. (1898-இல் அங்கே பயனியர் மதுவிலக்குச் சங்கம் மீண்டும் தோன்றியது. அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டதும் அவ்வாண்டிலேதான்.)

நமது சீலமோ 'சிக்காபதம்' எனப்படுவது. பயிற்சிப் படி என்று பொருள். அது மேலிருந்து இடப்பட்ட கட்டளையன்று. ஏற்பவர் தாமே தமக்கு வைத்துக்கொள்வது. உடைந்தால் மறுபடி ஏற்கலாம், ஏற்கவும் வேண்டும். சம்யுத்த நிகாயத்தில் சரகானி என்னும் சாக்கியர் வரலாறு உண்டு. அவர் மறைந்தபின், அவர் சோதாபன்ன நிலை அடைந்தவர் எனப் பகவர் மொழிந்தார். சாக்கியர் பலர் முணுமுணுத்தனர். 'மது அருந்தியவராயிற்றே, பயிற்சியில் தளர்ந்தவராயிற்றே, இவரே சோதாபன்னர் என்றால் யார்தான் ஆகார்!' என்றனர். சரகானி மரணகாலத்தில் பயிற்சியை மேற்கொண்டார் என்பது பகவர் விடை. இதைக் குடிக்க உரிமைச் சீட்டாகப் படிப்பவர் தவறாகப் படிக்கிறார். மரணகாலம் ஞாயிற்றுக்கிழமை பார்த்து வருவதன்று. ஆயினும் தளர்ந்தவரைச் சபைக்கு வெளியே நிறுத்தத் துடித்தோர் சாக்கியரே, பகவர் அல்லர்.

ஆகவே அன்பருக்கு நம் விடை இது. ஞாயிற்றுக் கோப்பை விட்டதாகாது. அது சீலத்தை உடைப்பதே. எனினும் கடை வரிசையை விட்ட இரண்டாண்டுப் பயன் அதனால் அழிந்துபோகவில்லை. ஐந்தாம் சீலத்தை உரக்கவே ஓதுக. நான்கினும் மிகுதியாக அவருக்கு வேண்டியது அதுவே. ஓதும்போது மனம் குத்துமாயின் குத்தட்டும். அதுவும் பயிற்சியில் அடங்கும்.

வேறு அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நாடோறும் மிகுதியாகக் குடிப்பவர் மருத்துவர் துணையின்றித் திடீரென நிறுத்தலாகாது. நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் நேர்ந்து உயிருக்கே இடராகலாம். கேரளத்தில் 2016-இல் தொடங்கிய விமுக்தி இயக்கத்தின் வழியாக அரசு மருத்துவமனைகளில் இதற்குச் சிகிச்சை கிடைக்கிறது. வாரம் ஒரு கோப்பை அளவில் நிற்கும் நம் அன்பருக்கு அவ்வச்சம் இல்லை.

எஞ்சிய புட்டியை என்செய்வது என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறார். பிறருக்குப் பரிசாக அளிக்க வேண்டாம். மது வாணிபம் உபாசகருக்கு ஆகாத ஐந்து வாணிபங்களில் ஒன்றாயிருக்க, விலையின்றிக் கொடுப்பதும் நமக்கு உகந்ததாகத் தோன்றவில்லை. கல்லாற்றிலும் கொட்ட வேண்டாம். அந்நீர் வாமனபுரம் ஆற்றிற் கலந்து ஊர்களுக்குக் குடிநீராகிறது. வீட்டுக் கழிவுக் குழியே போதும். பிறகு அன்றே மகனுக்கு எழுதி, அடுத்த விடுமுறைக்கு வரும்போது புட்டி வேண்டாம், பேரீச்சம்பழம் போதும் என்று தெரிவிக்கட்டும்.