கிராமப் பட்டியல் காலியா வருதா? பதறாதீங்க!

சம்பா நடவு முடிந்து, பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்குகிறது. கடலூர் மாவட்டத்து விவசாயி ஒருவர் சிட்டா எடுக்கச் செல்போனைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தார், வட்டத்தையும் தேர்ந்தெடுத்தார். ‘கிராமம்’ என்ற பெட்டியைத் தொட்டால் உள்ளே ஒன்றுமே இல்லை. “என்னப்பா இது, நம்ம ஊரே கணக்குல இல்லையா?” என்று அவர் பதறுவது இயல்புதான். “காசு கொடுங்க, நான் எடுத்துத் தர்றேன்” என்று சொல்லும் இடைத்தரகருக்கு அந்தப் பதற்றம்தான் முதலீடு.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். காலிப் பட்டியலுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, கேட்ட தகவல் பதிவில் இல்லை. இன்னொன்று, தகவல் இருக்கிறது, ஆனால் உங்கள் திரைக்கு வந்து சேரவில்லை. இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். எது என்று பார்க்காமல் ‘இல்லை’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பட்டியல் எப்படி வருகிறது?

அரசு, வங்கி, பல்கலைக்கழகம் என்று பல இடங்களில் இணையச் சேவைகள் ‘ஜாவா’ மொழியில் எழுதப்படுகின்றன. 1995-ல் வெளிவந்த மொழி இது. ‘ஸ்ட்ரட்ஸ்’, ‘ஸ்பிரிங்’ போன்றவை அதற்கான கட்டமைப்புகள். வீடு கட்டுவதற்கு முன் போடும் சாரம் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் வட்டத்தைத் தேர்ந்ததும் மூன்று வேலைகள் நடக்கின்றன:

1. உங்கள் போன், “இந்த வட்டத்துக் கிராமங்களைக் கொடு” என்று சர்வரைக் கேட்கிறது.
2. சர்வர் தரவுத்தளத்தில் இருந்து பெயர்களை எடுத்து, ஒரு பட்டியலாக அடுக்குகிறது.
3. அந்தப் பட்டியலில் உள்ள பெயர்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் எழுதப்படுகின்றன.

மூன்றில் எது தடுமாறினாலும் பெட்டி காலியாகத் தெரியலாம். திரையில் என்ன தெரிகிறது என்பதை வைத்தே எங்கே கோளாறு என்று ஓரளவு ஊகிக்கலாம்.

நாலு அறிகுறி, நாலு வழி

1. பெட்டியைத் தொட்டாலும் திறக்கவில்லை

கேள்வியே சர்வருக்குப் போகாமல் இருக்கலாம். சிக்னலைப் பாருங்கள். டேட்டா சேமிப்பு வசதி, விளம்பரத் தடுப்பு ஆகியவை இயங்கினால் நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டு உள்ளே போயிருந்தால், அதை மூடிவிட்டு குரோம் போன்ற பிரவுசரில் முகவரியை நீங்களே டைப் செய்து திறங்கள்.

2. பெட்டி திறக்கிறது, உள்ளே காலி

முதல் பெட்டியில் இருந்து மறுபடி தொடங்குங்கள். மாவட்டம், வட்டம், கிராமம் என்ற வரிசை மாறக் கூடாது. ஒன்றைத் தேர்ந்ததும் சில விநாடி காத்திருந்து அடுத்ததைத் தொடுங்கள். ‘பேக்’ பொத்தானை அழுத்தித் திரும்பி வந்தால் பழைய தேர்வு திரையில் தெரியும், ஆனால் அடுத்த பெட்டி நிரம்பாமல் போகலாம். பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலையாகப் போனீர்களா? இத்தகைய தளங்கள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாலே தொடர்பைத் துண்டித்துவிடும். ஜாவா தளங்கள் பலவற்றை இயக்கும் ‘டாம்கேட்’ மென்பொருளில் இதற்கான வழக்கமான அளவு 30 நிமிடம். பக்கத்தைப் புதிதாகத் திறந்தாலே சரியாகிவிடும். அப்போதும் வராவிட்டால் கூட்டம் குறைந்த அதிகாலையிலோ இரவிலோ முயலுங்கள்.

3. மற்ற ஊர்கள் இருக்கு, நம்ம ஊர் மட்டும் இல்லை

பெரும்பாலும் இது கோளாறே இல்லை, நாம் தேடும் இடம்தான் தவறு. இதில் நிதானம் தேவை.

கடலூர் மாவட்டமே 1993-ல் பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்து பிரிந்ததுதான். வட்டங்களும் அப்படியே பிரிந்திருக்கின்றன. தாத்தா காலத்துப் பத்திரத்தில் ‘சிதம்பரம் வட்டம்’ என்று இருக்கும் ஊர் இன்றைக்குப் புவனகிரி வட்டத்தில் இருக்கலாம். ‘காட்டுமன்னார்கோயில் வட்டம்’ என்று இருப்பது ஸ்ரீமுஷ்ணம் வட்டத்துக்குப் போயிருக்கலாம். ஆகவே பக்கத்து வட்டத்தையும் திறந்து பாருங்கள்.

நாம் பேச்சில் சொல்லும் ஊர்ப் பெயரும் வருவாய்க் கிராமத்தின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. குக்கிராமத்து நிலம் வேறொரு வருவாய்க் கிராமத்தின் பெயரில் இருக்கும். பழைய நிலவரி ரசீதைப் பாருங்கள், அல்லது கிராம நிர்வாக அலுவலரைக் கேளுங்கள். எழுத்து வேறுபாட்டையும் கவனியுங்கள். கோயில், கோவில் என இரண்டு வகையாக எழுதுவோம். ஸ்ரீமுஷ்ணத்தைத் திருமுட்டம் என்றும் சொல்வோம். பட்டியல் அகர வரிசையில் இல்லாமலும் இருக்கலாம். கடைசி வரை ஸ்க்ரோல் செய்யாமல் ‘இல்லை’ என்று சொல்லாதீர்கள்.

சிதம்பரம், கடலூர் நகருக்குள் இருக்கும் மனை என்றால் ‘ஊரகம்’ பகுதியில் தேடிப் பயனில்லை. ‘நகர்ப்புறம்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே கிராமத்துக்குப் பதிலாக நகரம், வார்டு, பிளாக் என்று கேட்கும்.

4. பெயருக்குப் பதில் கட்டங்களும் கேள்விக்குறிகளும்

பட்டியல் வந்துவிட்டது, எழுத்துதான் உடைந்திருக்கிறது. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பெரும்பாலும் போனில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். கேள்விக்குறிகள் வந்தால் அனேகமாகச் சர்வர் பக்கத்துப் பிழை. இரண்டுக்கும் உடனடி வழி, பக்கத்தை ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்ப்பது.

ஜாவா படிக்கும் பிள்ளைகளுக்கு

ஒரு பழைய பொறி இதில் உண்டு. ஜாவா வலைப்பக்கத்தில் பட்டியலை வரிசையாக எழுதும் கட்டளைக்குப் பட்டியலின் பெயரை ஓர் எழுத்து தவறாகக் கொடுத்தாலும், பல நேரம் அது ‘பிழை’ என்று சொல்லாது. வெற்றிடமாக விட்டுவிட்டுப் பேசாமல் போய்விடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் இதே கதைதான். அதனால் முதலில் சர்வர் பதிவேட்டில் பட்டியலின் எண்ணிக்கையைப் பாருங்கள். அங்கே சரியாக இருந்து திரையில் காலி என்றால், பெயர்ப் பொருத்தத்தைச் சரிபாருங்கள். எண்ணிக்கையே பூஜ்யம் என்றால் தரவுத்தளக் கேள்வியைப் பாருங்கள். முக்கியமாக, ‘பதிவு எதுவும் இல்லை’, ‘பட்டியலைப் பெற முடியவில்லை’ என்ற இரண்டையும் தனித்தனிச் செய்தியாகக் காட்டுங்கள். அந்த ஒரு வரி, ஊரில் ஒருவருடைய ஒரு நாள் கூலியையும் பஸ் செலவையும் மிச்சப்படுத்தும்.

இதைச் செய்யாதீங்க

• பட்டியல் வரவில்லை என்று கூகுளில் தேடிக் கிடைத்த ஏதோ ஒரு தளத்தில் ஆதார் எண்ணைக் கொடுக்காதீர்கள். அரசுத் தளத்தின் முகவரியில் ‘கவ் டாட் இன்’ இருக்கிறதா என்று பாருங்கள்.
• ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் உடனே 1930-க்கு அழையுங்கள்.
• நம்ம ஊர் கிடைக்கவில்லை என்று பெயர் ஒத்த வேறு ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தவறான சிட்டாவோடு போனால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

எதுவும் பலிக்கவில்லை என்றால் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு அருகில் உள்ள இ-சேவை மையத்துக்குப் போங்கள். முதல்வரின் முகவரி உதவி எண் 1100-லும் புகாரைப் பதியலாம். “ஒண்ணுமே வரலைங்க” என்று சொல்வதை விட, “வட்டம் வந்தது, கிராமப் பெட்டி மட்டும் காலி, காலை 11 மணிக்கு” என்று சொன்னால் சரிசெய்பவருக்கு வேலை பாதி முடிந்தது. கடைசி நாள் வரை காத்திருக்காமல் ஒரு வாரம் முன்னதாகவே சிட்டாவை எடுத்து வைத்துக்கொண்டால், பட்டியல் ஒரு நாள் வராவிட்டாலும் உங்கள் வேலை நிற்காது.