காயில் கட்டும் கடையில் ஒரு மாதம்

மேட்டூர் அணை

அன்புள்ள கண்ணுவுக்கு,

சென்னை, பெங்களூரு கம்பெனிகளுக்கு மெயில் போட்டு ஓய்ந்துவிட்டதாகவும், பணம் கட்டினால் ஆன்லைனிலேயே இன்டர்ன்ஷிப் முடித்துச் சான்றிதழ் தரும் ஓர் இடத்தில் சேரலாமா என்றும் கேட்டிருக்கிறாய். சேராதே. மூன்றாம் வருஷம் இ.இ.இ. படிக்கிற பிள்ளை, ஒரு மிஷின் ஏன் கெட்டது, அதை எப்படிச் சரிசெய்தார்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கம்பெனிப் பெயரெல்லாம் அதற்கப்புறம். அப்படிப்பட்ட இடம் நம் ஊரைச் சுற்றியே இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

மேட்டூர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அனல்மின் நிலையம். 210 மெகாவாட் யூனிட் நான்கு, 600 மெகாவாட் யூனிட் ஒன்று. அதுபோக அணை மின் நிலையம், சுரங்க மின் நிலையம், ஆற்றில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை என்று கதவணை மின் நிலையங்கள். கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு இன்பிளான்ட் ட்ரெய்னிங்குக்கு விண்ணப்பித்துப் பார். ஆனால் ஓடுகிற ஜெனரேட்டரில் ஒரு மாணவியை யாரும் கைவைக்க விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சுற்றிப் பார்க்கலாம், கண்ட்ரோல் ரூமில் நிற்கலாம், அவ்வளவுதான். போகிற மாதத்தையும் யோசி. அணை மின் நிலையம் பெரும்பாலும் பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீரில் ஓடுவது. டெல்டாவுக்கு ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். மே மாதம் போனால் டர்பைன் முழுவீச்சில் சுற்றுவதைப் பார்ப்பது அரிது. பராமரிப்புக்காகப் பிரித்துப் போட்டிருந்தால் அதைப் பார்க்கலாம், என்னைக் கேட்டால் அதுதான் லாபம். எப்படியானாலும் இதற்கு ஒரு வாரம் போதும்.

மிச்ச நாளுக்கு மோட்டார் காயில் கட்டும் கடையைப் பிடி. குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிகள், சேலத்துச் சேகோ ஆலைகள், ஊரெங்கும் உள்ள கிணற்று மோட்டார்கள் எல்லாம் இருக்கிற பிரதேசத்தில் இந்தக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. எரிந்த மோட்டாரைப் பிரித்ததும் மெக்கானிக் காயிலை வெட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார். அந்தப் பார்வையில்தான் பாடம் இருக்கிறது. மூன்று ஃபேஸும் சமமாகக் கருகியிருந்தால் ஓவர்லோடு, அல்லது ரோட்டர் சுற்ற முடியாமல் சிக்கியிருக்கலாம். ஸ்டார் கனெக்‌ஷனில் இரண்டு ஃபேஸ் கருகி ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தால் சிங்கிள் ஃபேஸிங்: ஒரு லைன் போன பிறகும் மோட்டார் ஓடியிருக்கிறது. அதுவே டெல்டா என்றால் ஒரு ஃபேஸ் கருகும், இரண்டு தப்பிக்கும். ஏன் இப்படி என்பதற்கு உன் புத்தகத்தில் கரண்ட் கணக்கு இருக்கிறது, கடையில் அதன் சாட்சி கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் உன் வகுப்பில் எத்தனை பேர்?

"காயில் கட்டுற கடைக்குப் போகவா இன்ஜினியரிங் படிக்க வெச்சேன்?" என்று உங்கப்பன் கேட்பான். அனல்மின் நிலையத்தில் நிலக்கரி கன்வேயரை ஓட்டுவதும் மூன்று ஃபேஸ் மோட்டார்தான், அளவு பெரிது, அவ்வளவே. அது எரிந்தாலும் இதே தடயத்தைத்தான் தேடுவார்கள் என்று சொல். சான்றிதழ் செல்லாதே என்று நீ கேட்கலாம். ஜி.எஸ்.டி. எண்ணும் லெட்டர்பேடும் உள்ள கடையாகப் பார்த்து, கல்லூரி ஏற்குமா என்று துறைத்தலைவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடு. சம்பளம் வராது என்பது உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் என்றார்கள். ஆனால் முழுநேரம் படிப்பவர்களுக்கு அதில் இடமில்லை என்று அப்போதே விதி. 1961-ஆம் வருஷத்து அப்ரன்டிஸ் சட்டப்படி உதவித்தொகையோடு பட்டதாரிகளுக்குத் தரும் பயிற்சியும் நீ படிப்பு முடித்த பிறகுதான். ஆக, இப்போதைக்குக் கூலி அனுபவம் மட்டுமே. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரமென்றால் செலவாவது மிச்சம். சாப்ட்வேர் வேலைக்குத்தான் போவேன் என்று நீ முடிவெடுத்திருந்தால் மட்டும் இந்த யோசனை உனக்கு ஒத்துவராது.

இதையெல்லாம்விட கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கடைக்காரர் உன்னை ஏன் சேர்க்க வேண்டும்? கற்றுக்கொடுக்கும் நேரத்தில் அவர் இன்னொரு மோட்டாரைக் கட்டிவிடுவார். அதனால் வெறுங்கையோடு போகாதே. ஸ்லாட், சுற்று எண்ணிக்கை, கம்பி கேஜ், பிட்ச் எல்லாம் அழுக்கேறிய நோட்டிலோ மெக்கானிக்கின் ஞாபகத்திலோ மட்டும் இருக்கிற கடைகள் பல. அதை எக்ஸெல்லில் ஏற்றித் தருகிறேன், எந்த மோட்டார் எதனால் எரிந்தது, எது திரும்பி வந்தது என்று தனிப் பட்டியலும் போடுகிறேன் என்று கேள். அந்தப் பட்டியலே உன் ரிப்போர்ட். நாளைக்கு இன்டர்வியூவில் கேட்டால் எடுத்துப் பேச உன்னிடம் சரக்கு இருக்கும்.

மே மாதத்துக்கு மார்ச்சிலேயே கேட்டு வை. மெயில் வேண்டாம், நேரில் போ. காலையில் கடை திறந்து கூட்டம் சேரும் நேரத்தில் போகாமல் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் போ. லூஸ் துப்பட்டா, வளையல் ஆகாது, சுற்றுகிற ஷாஃப்ட் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும். எந்தக் கடை என்று முடிவானதும் எழுது.

அன்புடன்,
பெரியப்பா