ஐரீனா, இரேனா?

ஒன்பதாம் வகுப்புக்குப் புதிதாக வகுப்பாசிரியர் ஆன முதல் நாள். வருகைப் பதிவேட்டில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருந்தன. ‘ஐ, ஆர், ஈ, என், ஈ’ என்றிருந்த பெயரை ‘ஐரீன்’ என்று வாசித்தேன். பதில் இல்லை. மீண்டும் வாசித்தேன். மூன்றாம் வரிசையில் ஒரு கை மட்டும் உயர்ந்தது. பின்னாலிருந்து ஒரு பையன், “அயிரை மீன்!” என்றான். வகுப்பே சிரித்தது. அவனை அதட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து அந்தப் பிள்ளை “உள்ளேன் அம்மா” என்று சொன்னதே இல்லை. கை மட்டும் உயரும். கூச்ச சுபாவம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஜனவரியில் ஒரு பாட்டி பள்ளிக்கு வந்தார். “எங்க இரேன் எப்படிம்மா படிக்குது?” என்று கேட்டார். “இரேனா? அப்படி யாரும் என் வகுப்பில் இல்லையேம்மா” என்றேன். பாட்டி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஏழு மாதமாக நாள்தோறும் நான் பெயர் சொல்லி அழைத்த பிள்ளையைத்தான் ‘இல்லை’ என்று சொல்லியிருக்கிறேன்.

பாட்டி இளவயதில் புதுச்சேரியில், பிரெஞ்சு பேசும் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அந்த வீட்டம்மாவின் பெயர் அது. பாசமாக நடத்திய அம்மாவின் பெயரைப் பேத்திக்கு வைக்கச் சொல்லியிருக்கிறார். தாம் காதால் கேட்டபடியே ‘இரேன்’ என்று அழைக்கிறார். எழுத்தைப் பார்த்துத் தவறாகப் படித்தவள் நான்தான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் உச்சரிப்பு பிரெஞ்சுக்காரர் உச்சரிப்போடு அப்படியே ஒத்துப்போகிறது.

அதன்பின் இந்தப் பெயரைப் பற்றித் தேடிப் படித்தேன். இது கிரேக்கப் பெயர். ‘அமைதி’ என்று பொருள். கிரேக்கத் தொன்மங்களில் அமைதிக்குரிய தெய்வத்தின் பெயரும் இதுவே. பழங்கிரேக்கர் ஏறக்குறைய ‘ஏரேனே’ என்று ஒலித்திருக்கிறார்கள். காலப்போக்கில் அம்மொழியின் உயிரொலிகள் மாறிவிட்டதால் இன்றைய கிரேக்கர் ‘இரினி’ என்கிறார்கள். சான்டோரினி என்ற கிரேக்கத் தீவின் பெயரில் இருப்பவரும் புனித இரினிதான். பிரெஞ்சில் இரேன், ரஷ்ய மொழியில் இரீனா, போலந்து மொழியில் இரேனா. ஆங்கிலத்தில் முன்பு ‘ஐரீனி’ என்று மூன்று அசையாக ஒலித்தவர்கள் பலர். இன்று பெரும்பாலும் இரண்டு அசையில் ‘ஐரீன்’. ஆக, நான் வாசித்ததும் பிழையில்லை. ஆனால் அது வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர். என் வகுப்பில் இருந்த பிள்ளையின் பெயரன்று.

கேலிக்கும் ஒரு இலக்கணக் காரணம் இருக்கிறது. ஐகாரக் குறுக்கம் நாம் நடத்துவதுதானே! சொல்லின் முதலில் வரும் ஐ தன் இரண்டு மாத்திரையிலிருந்து ஒன்றரையாகக் குறையும். பேச்சில் ‘அய்’ என்றே கேட்கும். ‘அய்ரீன்’ என்று கேட்ட பையனுக்கு ஏரி மீன் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. அடுத்த வாரம் ஐகாரக் குறுக்கம் நடத்தியபோது இந்த எடுத்துக்காட்டு நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

மாறாக, எங்கள் ஊர்ப் பெயரை எடுத்துக்கொண்டேன். பனமலைக் குன்றின் மேல் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கோயிலின் இறைவன் பெயர் தாளகிரீஸ்வரர். தாளம் என்றால் பனை, கிரி என்றால் மலை. ஊர்ப் பெயரை ஒலியால் கடத்தாமல் பொருளால் வடமொழிக்குக் கடத்தியிருக்கிறார்கள். தினமும் கோயிலைப் பார்க்கும் பிள்ளைகளில் ஒருவருக்கும் இது தெரியாது. வீரமாமுனிவரும் தேம்பாவணியில் யோசேப்பை இப்படித்தான் பொருள் நோக்கி ‘வளன்’ ஆக்கினார்.

பக்கத்துச் செஞ்சிக்கு நேர்ந்தது வேறு. அங்கே ஒலி மாறியது. 1750இல் பிரெஞ்சுக்காரர் கையிலும் 1761இல் ஆங்கிலேயர் கையிலும் விழுந்த கோட்டை அது. அவர்கள் எழுதிய எழுத்தை வைத்து வெளியூர்க்காரர்கள் இன்றும் ‘ஜிஞ்ஜீ’ என்கிறார்கள். “அப்படிச் சொன்னா சிரிப்பு வருதும்மா” என்றான் ஒருவன். அயிரை மீன் என்று சொன்ன அதே பையன்! நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே சற்று நேரம் கழித்து மூன்றாம் வரிசைப் பக்கம் பார்த்தான்.

கிரேக்கரும் நம் பெயர்களை விட்டுவைக்கவில்லை. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்’ என்ற பயணநூல் முசிறியை ‘முசிரிஸ்’ என்கிறது. அந்நூல் கூறும் ‘சோபத்மா’ நம் மாவட்டத்து மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அவர்கள் நம் ஊர்ப் பெயரை நாவுக்கேற்ப மாற்றினார்கள். இன்று அவர்கள் பெயரை நாம் மாற்றுகிறோம். கணக்கு நேர்தான் என்று சொல்லிக் கொஞ்சம் சிரித்தோம்.

பிறகு ‘என் பெயர் வந்த வழி’ என்று ஒரு செயல்பாடு கொடுத்தேன். பெயரை வைத்தவர் யார், வீட்டில் எப்படி அழைக்கிறார்கள், பொருள் என்ன, யார் தவறாகச் சொல்கிறார்கள் என்று வீட்டில் கேட்டு ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது. சிறப்பு ழகரத்தை ஆங்கிலத்தில் எழுதியதால், வெளிமாநிலத்தில் வேலை செய்யும் அப்பாவின் நண்பர்கள் தன்னைக் ‘கனிமோஸி’ என்கிறார்கள் என்று கனிமொழி எழுதியிருந்தாள். சாந்திக்கும் இரேனுக்கும் ஒரே பொருள் என்று தெரிந்ததும் அந்த இருவரும் ஒரே பலகையில் உட்காரத் தொடங்கினார்கள். இரேன் தன் பக்கத்தில் கடைசி வரியாக எழுதியிருந்தது: ‘பள்ளிக்கூடத்தில் எல்லோரும்.’ தவறாகச் சொல்பவர் யார் என்ற கேள்விக்கான பதில் அது. மதிப்பெண் போட வந்த சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

ஆசிரிய நண்பர்களே, முதல் நாளன்று பதிவேட்டை நாம் வாசிக்காமல், பிள்ளைகளையே வரிசையாகப் பெயர் சொல்லச் சொல்லிப் பக்கத்தில் தமிழில் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். நாற்பது பேர் வகுப்பில் பத்து நிமிடம் போதும். இரண்டு ஆண்டாக நான் அப்படித்தான் செய்கிறேன்.

அடுத்த ஆண்டு அவள் பத்தாம் வகுப்பு. அறிவியலில் அணுக்கரு இயற்பியல் பாடத்தில் 1934இல் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டறிந்த இணையர் வருகிறார்கள் அல்லவா? மேரி கியூரியின் மகளும் மருமகன் ஜோலியோவும். 1935இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். மகளின் பெயரை ஐரின் கியூரி என்றே நாம் படித்து வருகிறோம். அவர் பாரிஸில் பிறந்தவர். அங்கே அவர் ‘இரேன்’. அறிவியல் ஆசிரியர் வாசித்தபோது இவள் எழுந்து, “அது இரேன் சார், என் பேர்தான்” என்றாளாம். ஓய்வறையில் அவர் வந்து சொன்னபோது நான் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

நாமினல் ரோல் தயாரிக்கும் நேரம் வந்தது. எமிஸில் தமிழ்ப் பெயர் ‘ஐரின்’ என்று ஏறியிருந்தது. யாரோ ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்திருக்க வேண்டும். என்னைப் போன்ற ஒருவர்தான். பாட்டி துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்த பிறப்புச் சான்றிதழில் தமிழில் தெளிவாக ‘இரேன்’ என்றிருந்தது. தலைமையாசிரியரிடம் காட்டித் திருத்தினோம். ஆங்கில எழுத்துகளில் எதையும் தொடவில்லை.

அச்செடுத்த பட்டியலைச் சரிபார்த்துக் கையொப்பமிட மாணவர்களை அழைத்தேன். இரேன் தன் பெயரின் மேல் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். கையொப்பமிட்டுவிட்டு நகராமல் நின்றாள். “அம்மா, மூணு வரி தள்ளி பாருங்க. அவ அப்பா பேர் பழனிம்மா. பலனின்னு இருக்கு.”